வாங்காத கடனுக்குக் கட்டிய பணம்

ஆ லோங்காவது கீ லோங்காவது! நாச்சம்மை அந்த மாதிரி ஆட்களின் நிழலைக்கூட மிதித்தவள் இல்லை. வட்டிக்கு விட்டுவிட்டு, தவணை தவறினால் வீட்டு கேட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போகிறவர்களிடம் காசிச் செட்டியார் மகள் கை நீட்டினாளாம். சொல்கிற வாய் முதலில் அந்த கேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பச்சைச் சாயம். அதுவும் போன தீபாவளிக்குச் செட்டியாரே ஏணி போட்டு அடித்தது.

"நான் என் கண்ணால பார்த்தேன்லா" என்கிறாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி. பார்த்தாள், சரி. என்ன பார்த்தாள்?

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துத் தங்காக் ஊர்க் கடைத்தெருவில், வங்கிக்கு வெளியே பணம் போடுகிற இயந்திரம் ஒன்று நிற்கிறது. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுக் காசி நேராக அங்கே போனார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார், நீவினார், உள்ளே தள்ளினார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். எதிரே பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்க நின்ற புஷ்பவள்ளி விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். தினக்கட்டு கட்டுகிறவன் யார்? ஆ லோங்கிடம் மாட்டினவன். செட்டியார் யாருக்காகக் கட்டுவார்? மகளுக்காக. மகள் எங்கே? பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டாள். மூன்றையும் முடிச்சுப் போட்டாள், கதை தயார். அதைக் கிருஷ்ணம்மா காதில் போட்டாள். கிருஷ்ணம்மா காதில் போட்டது பக்கத்து ஊர் மூவார் வரைக்கும் கேட்கும்.

பதினோரு நாள் கட்டியது உண்மை. பெட்டியோடு போனதும் உண்மை. நடுவில் இருக்கிற கடன் மட்டும் பொய். கடன் இல்லாமலே கட்டினார் செட்டியார். அதனால்தான் அந்தப் பெண்ணின் பயணமே நின்றுபோகப் பார்த்தது. உட்கார்ந்து கேட்டால் புரியும். நின்ற வாக்கில் கேட்டுவிட்டு ஓடுகிற சங்கதி இல்லை இது.

நாச்சம்மைக்கு இருபத்தோரு வயது. ஜோகூர் பாருவில் பல்கலைக்கழகத்தில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தங்காக்கில் துணிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் கடைசி வரிசையில் இருக்கிற குறுகலான கடை, அப்பச்சி என்று அவள் கூப்பிடுகிற அப்பா காசியுடையது. சேலை, ரவிக்கைத் துணி, திரைச்சீலை எல்லாம் உண்டு. பதினான்கு வயதிலிருந்து சனி ஞாயிறுகளில் அவள் அங்கே துணி அளந்திருக்கிறாள். அளந்ததோடு நிறுத்தியிருந்தால் செட்டியார் தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிஞ்சியிருக்கும். ஏன் என்று கேட்காமல் அவளால் ஒரு மீட்டர் துணி கிழிக்க முடியாது.

ஒரு சமயம் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த அம்மா ஒருவர், "இது அசல் பட்டா?" என்று கேட்டார். மொத்த வியாபாரி பட்டு என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான், காசியும் பட்டு என்றே சொன்னார். நாச்சம்மை முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவினாள். சாமிப் படத்துக்கு அடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக் கிழித்தாள். பட்டு என்றால் முடி பொசுங்குகிற வாடை வரும், சாம்பல் பொடியாக உதிரும். இது உருகிச் சொட்டியது.

"அப்பச்சி, பாலியெஸ்டர்!" என்றாள், புதையல் கிடைத்த குரலில்.

வந்த அம்மா செருப்பைத் தேடினார்.

"நல்லா இருக்கு ஆத்தா. இழையை மட்டும் கொளுத்தினியே, கடையை விட்டுட்டியே" என்றார் காசி. ஆனால் அன்றைக்கே மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, அந்தக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் அப்படி. கோபமும் வரும், நியாயமும் வரும், ஒன்றுக்கு ஒன்று வழி விடும்.

சாயம் ஏன் ஒரு துணியில் பிடிக்கிறது, இன்னொன்றில் ஓடுகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே அவள் பல்கலைக்கழகம் வரைக்கும் போனாள். இந்த வருஷம் தைவானில், தைனான் என்கிற ஊரில், சாய ஆய்வுக்கூடம் ஒன்று ஆறு மாதம் வந்து பழக அவளுக்கு இடம் கொடுத்தது. உதவித்தொகையும் உண்டு. பல்கலைக்கழகம் முழுக்கச் சல்லடை போட்டு எடுத்ததில் இரண்டே பேர், அதில் இவள் ஒருத்தி.

எல்லாம் கூடி வந்த இடத்தில், தங்கும் விடுதி ஒரு நிபந்தனை வைத்தது. ஆகஸ்டு இருபத்தைந்துக்குள் அறையை உறுதி செய்ய வேண்டும். அதற்கு, தங்குகிறவர் பேரிலேயே ஒரு கிரெடிட் கார்டு வேண்டும். அப்பா கார்டு ஆகாது, வங்கிக் கணக்கோடு வருகிற சாதாரணக் கார்டும் ஆகாது. அறை உறுதியானால்தான் ஆய்வுக்கூடம் விசாவுக்குக் கடிதம் தரும். இல்லையென்றால் காத்திருப்பவர் பட்டியலில் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும்.

இன்னொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் விடுதிக்குக் கடிதம் எழுதினாள்: என் கணக்கில் பணம் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்ளாமல் ஏன் கடன் கார்டு கேட்கிறீர்கள்? பதில் வந்தது. நாங்கள் பணத்தை எடுக்கப் போவதில்லை, நீங்கள் நாற்காலி மேசையை உடைக்காமல் இருக்கிறீர்களா என்று பார்க்கும்வரை கொஞ்சம் தொகையைப் பிடித்து மட்டும் வைப்போம், அதற்குத்தான் கிரெடிட் கார்டு.

"எடுக்கவும் மாட்டாங்களாம், விடவும் மாட்டாங்களாம். பிடிச்சு வெப்பாங்களாம்! எப்படி அப்பச்சி அது?" என்று போனில் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் அந்தக் கார்டைத் தொட்டதே இல்ல" என்றார் காசி. ஐம்பத்தாறு வயதில், கடை வைத்திருக்கிற மனிதர், ஒரு கிரெடிட் கார்டு கிடையாது. பெருமையாகவே சொல்வார்.

ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் கார்டு பிடித்துக் கொடுக்கிற ஆள் மேசை போட்டிருந்தான். ரூபேந்திரன் என்று கோட்டில் பேர் குத்தியிருந்தது. பின்னால் வரிசையாகச் சக்கரம் வைத்த பெட்டிகள், கார்டு எடுத்தால் ஒன்று இலவசம். நாச்சம்மை போய் நின்றாள்.

"இந்தப் பெட்டி என்ன விலை வரும்ணே?"

"இலவசம் தங்கச்சி."

"எனக்கு இலவசம். உங்க பேங்குக்கு?"

"அது... ஒரு நூறு வெள்ளி இருக்கும்."

"நான் கடன் கேட்டு வர்றேன், எனக்கே நூறு வெள்ளிக்குப் பெட்டியும் குடுத்தா பேங்குக்கு எங்கேர்ந்து வருது? நான் ஒழுங்கா கட்டினா லாபமா, கட்டாம விட்டா லாபமா?"

"அலமாக்! நீங்க கார்டு வாங்க வந்தீங்களா, என்னை இன்டர்வியூ எடுக்க வந்தீங்களா?" என்றான் ரூபேந்திரன். ஆனாலும் நல்ல பையன். நாற்காலியை இழுத்துப் போட்டான். "பே ஸ்லிப் இருக்கா? மாசச் சம்பளத் தாள்?"

இல்லை. ஏழு வருஷம் துணி அளந்தவளிடம் சம்பளத் தாள் இல்லை. மாணவி, வருமானம் பூஜ்யம், இதுவரைக்கும் யாரிடமும் கடன் வாங்கியதில்லை.

"கடனே வாங்கினது இல்லைன்னா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரியாது. வாங்கித் திருப்பிக் கட்டினவங்களைத்தான் அதுக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு. உங்க பேர்ல நிரந்தர வைப்பு ஏதும் இருந்தா, அதைப் பேங்க் பூட்டி வெச்சுக்கிட்டுக் கார்டு குடுக்கும். அதுக்கு நான் பத்தாது, நேரா பேங்குக்குப் போங்க" என்றான். பெட்டி கிடைக்காது என்றும் சொன்னான், அதுதான் அவனுக்கு வருத்தம்.

வைப்பு இருந்தது. அவள் பிறந்த வருஷம் அவள் ஐயா, அதாவது காசியின் அப்பா, அவள் பேரில் போட்டுவைத்த பணம், வட்டியோடு ஐயாயிரம் ரிங்கிட். கல்யாணத்துக்கென்று ஒதுக்கியது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவள் ஆத்தா தெய்வானை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது உன் கல்யாணப் பணம்."

"கல்யாணம் எப்போ ஆத்தா?"

"எப்பவோ!"

"அந்த எப்பவோ வரைக்கும் அது பேங்க்லதானே இருக்கப் போகுது? பூட்டி இருந்தா என்ன, பூட்டாம இருந்தா என்ன?"

தெய்வானை கரண்டியை மறுபடி எடுத்துக் குழம்பைக் கிண்டினாள். காசி மட்டும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தார். சட்டென்று சிரித்தார்.

"அடகு! இது அடகுதான். எங்க பாட்டையா இதே வேலையைப் பத்து ஊர்ல பண்ணாரு. பொருளை உள்ள வெச்சுக்கிட்டு வெளிய பணம் குடுப்பாரு. நேராச் சொன்னா என்ன, அடகுன்னு? கார்டாம் கார்டு." புரிந்துபோனதில் அவருக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு வங்கிக்குப் போனார்.

வங்கியில் சுகந்தினி என்கிற அதிகாரி. யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பம், ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரிப்பார். பாரத்தை ஒவ்வொரு கட்டமாக வாசித்துக் கேட்டார். தொழில்? மாணவி. வேறு வேலை?

"எங்க கடையில இருக்கா" என்றார் காசி.

"அப்படியென்றால் சம்பளம்?"

"சம்பளமா? அவ என் மக."

சுகந்தினி பேனாவை நிறுத்தி நாச்சம்மையைப் பார்த்தார், நாச்சம்மை காசியைப் பார்த்தாள், காசி கூரை விசிறியைப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடப்பட்டது. ஐயாயிரத்தைப் பூட்டி, நாலாயிரம் வரைக்கும் செலவழிக்கலாம் என்று கார்டு எழுதினார்கள். இரண்டு வாரத்தில் கூரியரில் வந்தது. தெய்வானை அதைச் சாமி முன்னால் வைத்து, தங்க நிறச் சிப்பில் படாமல் மூலையில் மட்டும் குங்குமம் வைத்தாள்.

விடுதிக்குக் கொடுப்பதற்கு முன்னால் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாக வேண்டாமா? நாச்சம்மை எழுதுபொருள் கடைக்குப் போய் ஆறு ரிங்கிட் தொண்ணூறு காசுக்கு ஒரு பேனா வாங்கினாள். கார்டைக் காட்டினாள், 'டிட்' என்றது, முடிந்தது. கடைக்காரனுக்குப் பணம் போய்விட்டது. அவள் பணம் அவள் கணக்கிலேயே கிடக்கிறது. அப்படியானால் அந்த ஆறு தொண்ணூறு யாருடையது? கடை வாசலிலேயே நின்று யோசித்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பச்சியிடம் சொன்னாள்.

"பேங்க்கோடது" என்றார் காசி. "அப்ப நீ ஆறு தொண்ணூறு பாக்கி."

"அடுத்த மாசம் கட்டினாப் போதும் அப்பச்சி. கணக்குத் தாள் வந்து இருபது நாள் வரைக்கும் வட்டியே கிடையாது."

"வட்டி இல்லாம எவன் கடன் குடுப்பான்? அதுல என்னமோ இருக்கு."

இங்கேதான் அந்த வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காசி குடும்பத்தில் வெளியூர் கிளம்புகிறவர் ஒரு காசு பாக்கி வைத்துவிட்டுப் படி இறங்கக் கூடாது. மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, பினாங்குக்குக் கோயிலுக்குப் போனாலும் சரி, அதற்கு முன்னால் பேப்பர் போடுகிற சீனர், எரிவாயுக்காரர், ஐஸ் போடுகிறவர், எல்லாரையும் கூப்பிட்டுக் கட்டிவிடுவார். இரவல் வாங்கிய ஏணி திரும்பிப் போகும். தெய்வானை கடன் வாங்கிய கால் கிலோ சீனி அரைக் கிலோவாகத் திரும்பிப் போகும். வாங்கிக்கொண்டதே புஷ்பவள்ளிதான், அவளுக்குத் தெரியாதா? போகிற வழியில் ஒன்று ஆகிவிட்டால் இன்னொருவர் ஏட்டில் நம் பேர் நிற்கக் கூடாது. காசியின் ஐயா அப்படி, அவருக்கு ஐயாவும் அப்படி. மற்றவர் பேர் தங்கள் ஏட்டில் நின்று பார்த்தே பழகியவர்கள்.

மகள் கடல் தாண்டிப் போகப் போகிறாள். வங்கி ஏட்டில் அவள் பேருக்கு எதிரே ஆறு தொண்ணூறு. காசி சும்மா இருப்பாரா? கார்டின் பதினாறு எண்களையும் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதிக்கொண்டு மறுநாள் இயந்திரத்துக்குப் போனார். அது பத்து ரிங்கிட்டுக்குக் குறைந்த நோட்டை வாங்காது. பத்தைத் தள்ளினார்.

நாச்சம்மையின் போன் கணக்கைக் காட்டியது. "அப்பச்சி! மூணு ரிங்கிட் பத்துக் காசு கூடக் கட்டிட்டீங்க. இங்க பாருங்க, கழித்தல் குறி போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா... பேங்க் நமக்குக் கடன்!"

காசி அந்த எண்ணையே பார்த்தார். முகம் மலர்ந்தது பாருங்கள், தீபாவளிக் கூட்டம் கடைக்கு வந்த மாதிரி. அந்தப் பெரிய வங்கி, நாலு மாடிக் கட்டடம், குளிரூட்டி, வாசலில் காவலாளி, அது காசிச் செட்டியார் வீட்டுக்கு மூன்று ரிங்கிட் பத்துக் காசு பாக்கி. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் அவருக்குக் கால் நிற்கவில்லை. மகள் ஒரு நாள் பஸ் டிக்கெட் எடுத்தாள், ஒரு நாள் சோப்பு வாங்கினாள். அவள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் பத்து, இருபது என்று தள்ளினார். அவளும் தடுக்கவில்லை. கழித்தல் குறிக்குப் பக்கத்து எண் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அவளுக்கும் ஆசை. உண்மையைச் சொல்ல வேண்டும், பாதித் தப்பு அவளுடையது.

விடுதிக்காரன் பிடித்து வைக்கப்போவது ஆயிரத்து எழுநூறு ரிங்கிட் சொச்சம் என்று தெரிந்ததும், கடைசி மூன்று நாளில் காசி கல்லாவிலிருந்து இரண்டாயிரத்தைக் கொண்டுபோய்ப் போட்டார். யாரும் கடனாகக் கேட்பதற்கு முன்னாலேயே கட்டியாகிவிட்டது. பதினோராம் நாள் இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

இருபத்திரண்டாம் தேதி நாச்சம்மை விடுதியின் பக்கத்தைத் திறந்து கார்டு எண்ணைப் போட்டாள். ஏற்கவில்லை என்றது. மறுபடி போட்டாள். ஏற்கவில்லை. மூன்றாவது முறை போடுவதற்குள் வங்கியிலிருந்து செய்தி வந்தது. உங்கள் கார்டு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, கிளைக்கு நேரில் வரவும்.

மூன்று நாள் இருக்கிறது. கேள்வி கேட்டே பழகிய பெண் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் காசி பயந்தார். கடைக்குப் பாதிக் கதவு போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஓடினார்.

சுகந்தினி கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "பதினோரு நாளில் பதினோரு தடவை ரொக்கம் போட்டிருக்கிறீர்கள். மொத்தம் இரண்டாயிரத்து நூற்றறுபது. மகள் செலவழித்தது நாற்பத்தொன்று. இது ஏன் அங்கிள்?"

"என் பணம், நான் கட்டினேன். கட்டாம விட்டாத்தானே குத்தம்? கட்டினதுக்கா நிறுத்துவீங்க?"

"கடன் இல்லாத இடத்தில் கட்டினால் எங்களுக்குச் சந்தேகம் வரும். வழி தெரியாத ரொக்கத்தைக் கார்டில் போட்டு, பிறகு நல்ல பணமாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கறுப்பை வெளுப்பது."

"எப்படி மேடம் வெளுப்பாங்க? போட்டுட்டு, அதிகம் கட்டிட்டேன் திருப்பிக் குடுன்னு கேப்பாங்களா?" நாச்சம்மை முன்னால் சாய்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

"வாயை மூடு ஆத்தா!" என்றார் காசி. வியர்த்துவிட்டது அவருக்கு. நாலு தலைமுறையாகப் பணத்தோடு பழகிய குடும்பம். வாங்கியவன் கட்டாமல் ஓடியதற்குப் பஞ்சாயத்து பார்த்திருக்கிறார்கள், வாங்காமல் கட்டியதற்கு இதுதான் முதல் தடவை.

சுகந்தினி மறுபடியும் பொறுமையாகக் கேட்டார். "கோபப்படாமல் சொல்லுங்கள். எதற்காகக் கட்டினீர்கள்? நான் அதை எழுத வேண்டும்."

காசி மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அவ முத தடவையா கடல் தாண்டிப் போறா மேடம். நாங்க பாக்கி வெச்சுட்டு வாசப்படி தாண்ட மாட்டோம். உங்க ஏட்டுல அவ பேருக்கு நேரே ஒரு காசு நிக்கக் கூடாதுன்னுதான். வேற ஒண்ணுமில்ல."

சுகந்தினி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். கடைக் கல்லாக் கணக்கு மூன்று மாதத்துக்கு வேண்டும் என்றார், காசி அரை மணியில் கொண்டுவந்தார். அதிகமாகப் போட்ட பணம் காசி கணக்குக்கே திரும்ப வரும் என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார்.

"இதில் கையெழுத்து வேண்டும். இனிமேல் இந்தக் கார்டுக்கு நாச்சம்மைதான் கட்டுவார். அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து, செலவழித்த தொகையை மட்டும். வேறு யாரும் ரொக்கம் போடக் கூடாது."

காசி பேனாவை எடுத்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"அவ போற அன்னிக்கு ஏதாவது பாக்கி இருந்தா?"

"இருக்கும்" என்றார் சுகந்தினி. "விமான டிக்கெட்டை இந்தக் கார்டில்தான் எடுக்கப் போகிறார் அல்லவா? தாள் வரும் தேதி செப்டம்பர் பத்து. அவர் போவது ஆறாம் தேதி."

"முன்னாடியே கட்டிட்டா?"

"கட்டலாம். அது அவர் விருப்பம். நீங்கள் கட்டக் கூடாது."

நாச்சம்மை அப்பச்சியின் முகத்தைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைனான் இருக்கிறது, இந்தப் பேனா முனையில். அவர் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னால் அவளால் எதிர்த்துப் பேச முடியாது. காசி கையெழுத்துப் போட்டார். பேருக்குக் கீழே வழக்கமாக இழுக்கிற நீளக் கோட்டை மட்டும் இழுக்கவில்லை.

இருபத்துநாலாம் தேதி காலையில் கார்டு திறந்தது. விடுதி ஆயிரத்து எழுநூறைப் பிடித்துவைத்தது, எடுக்கவில்லை, சொன்னபடியே. விசாக் கடிதம் வந்தது. ஆயிரத்து நூற்றைம்பதுக்கு டிக்கெட் எடுத்தாள். போன் திரையில் கழித்தல் குறி போய்விட்டது. ஆயிரத்து நூற்றைம்பது, வெறும் எண்ணாக நின்றது. அது பாக்கி.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் காசி வீட்டுக்கு வேறு வழியாக வந்தார். இயந்திரம் இருக்கிற தெருவில் கால் வைக்கவில்லை. சாயங்கால நடமாட்டம் நின்றதைப் பார்த்துப் புஷ்பவள்ளி, 'கடன் தீர்ந்துபோச்சுபோல' என்றிருக்கிறாள். தீரவில்லை அம்மா, அப்போதுதான் தொடங்கியது! இந்த ஒரு இடத்தை எத்தனை முறை சொன்னாலும் அவள் நம்ப மாட்டேன் என்கிறாள். நம்பாவிட்டால் போகட்டும். இல்லாததை இருக்கிறது என்று சொன்னால்தான் அவளுக்கு நிம்மதி.

செப்டம்பர் ஆறு. விமானத்துக்குப் பிற்பகல்தான் நேரம், ஆனாலும் ஏழு மணிக்கே கூடத்தில் பெட்டி வந்துவிட்டது. தெய்வானை வழித்தின்பண்டத்தை மூன்றாவது தடவை மாற்றிக் கட்டினாள். பேப்பர்காரர், ஐஸ்காரர், எரிவாயு, எல்லாருக்கும் கட்டியாகிவிட்டது. காசியின் தம்பி முத்து வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, நேரமாகுது" என்று கூப்பிட்டார்.

நாச்சம்மை சாமி கும்பிட்டாள், இருவர் காலிலும் விழுந்து எழுந்தாள். எழுந்தவள் போனைக் கையில் எடுத்தாள்.

"அப்பச்சி, என் கணக்குல பணம் இருக்கு. உதவித்தொகை வந்துடுச்சு. ஒரு தட்டு தட்டினா போதும், ஆயிரத்து நூத்தம்பதும் போயிடும். நான் கட்டுறேன். நீங்க கட்டல, நான்தான் கட்டுறேன். கையெழுத்துக்கும் குறை இல்ல."

தெய்வானை, "கட்டிடு ஆத்தா, அவர் மனசு ஆறட்டும்" என்றாள்.

காசி அந்தப் போனைப் பார்த்தார். கட்டிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஐயா காலத்து வழக்கமும் காப்பாற்றப்பட்டுவிடும். அவள் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது.

"இரு. அன்னிக்கு நீ சொன்னியே, தாள் வந்து இருபது நாள் வரைக்கும் வட்டி கிடையாதுன்னு. உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"படிச்சேன். தாள் வந்தப்புறம் கட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப கட்டாத."

தெய்வானை தின்பண்டப் பொட்டலத்தை நாலாவது தடவை அவிழ்த்தாள், காசி மகளிடம் மேலே சொன்னார்.

"முப்பதாந் தேதி கடைசி நாள்தானே? இருபத்தெட்டுக்குக் கட்டு. மறந்துட்டு நிக்காத. அந்தத் தாள் வந்த உடனே படம் எடுத்து எனக்கு அனுப்பு. வட்டிக் கட்டத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு நான் பாக்கணும். பூஜ்யம்னு போட்டிருந்தா, பேங்க்காரனுக்கு இதுல எங்கேர்ந்து லாபம் வருதுன்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லு."

"கடைக்காரன்கிட்ட இருந்து கொஞ்சம் எடுப்பாங்கன்னு நினைக்கிறேன் அப்பச்சி. ஆனா நூத்துக்கு எவ்வளவுன்னு தெரியல."

"விசாரி."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். முத்து வந்து பெட்டியைத் தூக்கப் போனார், அவள் தானே பிடித்துக்கொண்டாள். காசி வழியை விட்டு ஒதுங்கி, கதவை முழுசாகத் திறந்து பிடித்தார். ஆயிரத்து நூற்றைம்பது ரிங்கிட் பாக்கியோடு, அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாக, நாச்சம்மை வாசற்படி தாண்டி வெளியே போனாள்.